உறுமல், கரகரப்பு, ஊமை: வீட்டு ஸ்டீரியோவில் அறிகுறி பார்த்துப் பிழை பிடிக்கும் வழி

சேலம் அம்மாப்பேட்டையில் எங்கள் தெருவில் காலையில் தறி ஓட ஆரம்பித்தால் ராத்திரி வரைக்கும் நிற்காது. அந்த டக்கடக் சத்தத்துக்கு நடுவே பாட்டுக் கேட்டு வளர்ந்தவன் நான். 1999-ல் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் பாகம் பாகமாக வாங்கி, 4440 ஐ.சி. (சத்தத்தைப் பெருக்கும் சில்லு) போட்ட ஒரு ஆம்ப்ளிஃபையரைக் கட்டினேன். பிறகு அதன் இடத்துக்கு, இன்னும் பெரிய ஐ.சி.யான 7294 போர்டு வந்தது. ஆறு இஞ்ச் ஸ்பீக்கர் போய் மரப்பெட்டி ஸ்பீக்கர் வந்தது. டேப் ரெக்கார்டர், சி.டி. பிளேயர், ப்ளூடூத், கடைசியாக ஒரு ரெக்கார்டு பிளேயர் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தது.

இத்தனை வருடத்தில் நான் திரும்பத் திரும்பப் பார்த்தது ஒன்று. புதிதாக வாங்கிய ஒவ்வொரு பொருளும், வீட்டில் ஏற்கெனவே ஒளிந்திருந்த ஒரு பிழையை வெளியே இழுத்துப் போட்டது. சின்ன ஸ்பீக்கரில் கேட்காத உறுமல் நல்ல ஸ்பீக்கரில் கேட்டது. உறுமலுக்குக் காரணமான எர்த் பல வருடமாகவே கெட்டுத்தான் கிடந்தது, பழைய ஸ்பீக்கருக்கு அதைச் சொல்லும் திறமில்லை, அவ்வளவுதான். அதனால் பணத்தை எடுக்கும் முன் பிழையைப் பிடியுங்கள்.

கையில் என்ன வேண்டும்

ஒரு மல்டிமீட்டர், டார்ச், ஒன்றரை வோல்ட் பேட்டரி, நன்றாக வேலை செய்யும் ஒரு ஜோடி ஸ்டீரியோ பின் ஒயர் (ஆர்.சி.ஏ. ஒயர்). ஆம்ப்ளிஃபையரைத் திறந்து பார்க்கிறவர்களுக்கு சீரிஸ் பல்பு கட்டாயம். 100 வாட் குண்டு பல்பு ஒன்றை ஹோல்டரில் போட்டு, கரண்ட் லைன் அதன் வழியாக ஆம்ப்ளிஃபையருக்குப் போகும்படி கட்டுவது. எல்.இ.டி. பல்பு இதற்கு ஆகாது. ஸ்விட்ச் போட்டதும் பல்பு ஒரு கணம் எரிந்து மங்கினால் உள்ளே ஷார்ட் இல்லை. பிரகாசமாகவே எரிந்தால் உடனே அணைத்துவிடுங்கள், உள்ளே ஏதோ ஷார்ட். புது ஐ.சி. மாட்டிய ஒவ்வொரு முறையும் இப்படித்தான் முதல் கரண்ட் கொடுக்க வேண்டும். எத்தனையோ ஐ.சி.யை இந்தப் பல்பு எனக்குக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறது.

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய ஃபில்டர் கெப்பாசிட்டரில் சார்ஜ் நிற்கும். ஐந்து நிமிடம் விட்டு, 100 ஓம் 5 வாட் ரெசிஸ்டரை அதன் இரண்டு காலிலும் வைத்து இறக்கிவிட்டுத் தொடுங்கள். ட்ரான்ஸ்ஃபார்மருக்கு முன்னால் இருக்கும் 230 வோல்ட் பக்கம் ஆளையே கொல்லக்கூடியது. அது பழக்கமில்லாதவர்கள் அதைத் தெரிந்தவரிடம் விடுங்கள்.

இன்னொன்று: ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்தான். ஒயரையும் மாற்றி, எர்த்தையும் மாற்றி, ஸ்பீக்கரையும் நகர்த்தினால் சத்தம் சரியாகலாம், எதனால் சரியானது என்று தெரியாது. ஆறு மாதத்தில் அதே பிழை திரும்பி வரும்.

பாட்டு இல்லாதபோதும் “ம்ம்ம்” என்று உறுமுகிறது

வீடுகளில் அதிகம் வரும் புகார் இது. முதலில் வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோங்கள். உறுமல் அப்படியே இருந்தால் பிழை ஆம்ப்ளிஃபையருக்குள்ளே, வால்யூமுக்குப் பின்னால் இருக்கிறது. வால்யூமோடு சேர்ந்து ஏறி இறங்கினால் உள்ளே வரும் ஒயரிலோ, பாட்டு வரும் பெட்டியிலோ இருக்கிறது. இந்த ஒரு சோதனையே பாதி வேலையை முடித்துவிடும். ஸ்பீக்கரில் கேட்காமல் பெட்டியில் காது வைத்தால் மட்டும் கேட்டால் அது ட்ரான்ஸ்ஃபார்மர் அதிர்வது. போல்ட்டை இறுக்கி, அடியில் ரப்பர் வாஷர் கொடுங்கள்.

சத்தத்தின் குணத்தையும் கவனியுங்கள். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். ஃபில்டர் கெப்பாசிட்டர் தளர்ந்துபோனால், ஏ.சி.யை டி.சி.யாக்கும் ரெக்டிஃபையர் வழியாக வரும் 100 ஹெர்ட்ஸ் சத்தம் கேட்கும், கொஞ்சம் கூர்மையாக “ஜ்ஜ்” என்று இருக்கும். ஆழமான, மிருதுவான “ம்ம்” என்றால் 50 ஹெர்ட்ஸ்: பின் ஒயரின் ஷீல்டு அறுந்திருக்கலாம், அல்லது எர்த் இரண்டு வழியாகச் சுற்றி வரலாம். கெப்பாசிட்டரின் தலை உப்பியிருந்தால் யோசிக்கவே வேண்டாம், மாற்றிவிடுங்கள். 105 டிகிரி என்று அச்சிட்டதை வாங்கி, ஐ.சி.யின் சூட்டை வாங்கும் ஹீட் சிங்கிலிருந்து தள்ளி வையுங்கள். சேலத்து மே மாத வெயிலில், மூடிய ஷோகேஸுக்குள் இருக்கும் ஆம்ப்ளிஃபையரில் 85 டிகிரி கெப்பாசிட்டர் சீக்கிரம் காய்ந்துபோகும்.

கடையில் கட்டி வாங்கிய பெட்டிகளில் இன்னொரு பிழை சகஜம். பின்பக்க பின் சாக்கெட் தகரத்தைத் தொட்டு ஒரு இடத்தில் கிரவுண்டு ஆகும், போர்டின் ஸ்க்ரூ இன்னொரு இடத்தில் கிரவுண்டு ஆகும். இரண்டுக்கும் நடுவே கரண்ட் சுற்றி உறுமும். கிரவுண்டு எல்லாம் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் சேரும் நடுப்புள்ளிக்கு வர வேண்டும், அங்கிருந்து ஒரே ஒரு ஒயர் தகரத்துக்குப் போக வேண்டும். சாக்கெட்டுக்கு பிளாஸ்டிக் வாஷர் போட்டாலே பல பெட்டிகள் அமைதியாகிவிடும்.

இப்போது கேபிள் டிவி. கொண்டலாம்பட்டியில் மாமா வீட்டில் டிவியை ஸ்டீரியோவோடு சேர்த்த நாளிலிருந்து உறுமல். “மாப்ள, ஸ்பீக்கர மாத்திரலாமா?” என்று பர்ஸோடு நின்றார். “இருங்க மாமா, முதல்ல செட்டாப் பாக்ஸ் பின்னாடி இருக்கிற அந்தக் கேபிளக் கழட்டுங்க” என்றேன். கழற்றியதும் வீடே அமைதியானது. கேபிளின் வெளிப்பின்னல் எங்கோ தூரத்து கம்பத்தில் எர்த் ஆகியிருக்கும், உங்கள் வீட்டு எர்த் வேறு. இரண்டுக்கும் இருக்கும் வோல்டேஜ் வித்தியாசம் ஆடியோ ஒயர் வழியாகப் பாயும். டிவியில் ஆப்டிகல் வெளியீடு இருந்தால் அதை எடுத்து, டிஜிட்டலைச் சாதாரண ஆடியோவாக மாற்றும் ஒரு டி.ஏ.சி. பெட்டிக்குக் கொடுங்கள், வெளிச்சத்தின் வழியாகக் கரண்ட் பாயாது. இல்லாவிட்டால் ஆடியோ ஒயரின் நடுவே ஐசொலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மர் போடலாம்.

உறுமலை நிறுத்த எர்த் பின்னை வெட்டச் சொல்லும் ஆட்கள் இன்றும் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். பெட்டிக்குள் எப்போதாவது லைன் ஒயர் தகரத்தைத் தொட்டால், அந்தக் கரண்டுக்கு நீங்கள்தான் வழியாவீர்கள்.

பெட்டியைத் தொட்டால் சுர்ரென்று விரலில் ஏறினால் வீட்டு எர்த்தைச் சோதியுங்கள். லைனுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 வந்தால், லைனுக்கும் எர்த்துக்கும் நடுவேயும் ஏறத்தாழ அதே வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். லைன்–எர்த் ரீடிங் நூறு, நூற்றைம்பது என்று தடுமாறினால் எர்த் அறுந்திருக்கிறது. சேலத்தில் தோண்டினால் கெட்டிப் பாறை, ஏற்காட்டு மலையோ சார்னோகைட் பாறையால் ஆனது. ஈரம் பிடிக்காத இந்த மண்ணில் எர்த் குழி கோடையில் காய்ந்து, மின்தடை ஏறிவிடும். கரியும் உப்பும் போட்ட குழிக்குப் பங்குனியிலிருந்து வாரம் ஒருமுறை ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவது எங்கள் வீட்டில் வழக்கமாகவே ஆகிவிட்டது.

2012-ல் பல மணி நேரம் கரண்ட் போன காலத்தில் தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் வாங்கினோம். அவற்றில் சதுர அலை இன்வெர்ட்டர் இருந்தால், கரண்ட் போனதும் ட்ரான்ஸ்ஃபார்மர் கர்ரென்று கத்தும். ஆம்ப்ளிஃபையரில் பிழை இல்லை, சைன் அலை இன்வெர்ட்டரில் அது வராது.

ஒரு பக்கம் மட்டும் பாடுகிறது

இதற்கு மீட்டர்கூட வேண்டாம், இடமும் வலமும் மாற்றி மாட்டினால் போதும். ஆம்ப்ளிஃபையரின் பின்னால் இரண்டு ஸ்பீக்கர் ஒயரையும் இடம் மாற்றுங்கள். ஊமைப் பக்கம் ஸ்பீக்கரோடு சேர்ந்தே இருந்தால், அந்த ஸ்பீக்கரிலோ அதன் ஒயரிலோ பிழை. ஊமை எதிர்ப்பக்கம் தாவினால் பிழை ஆம்ப்ளிஃபையரில், அல்லது அதற்கும் முன்னால். அடுத்து உள்ளே வரும் சிவப்பு, வெள்ளை பின்களை மாற்றுங்கள். ஊமை மறுபடி தாவினால் ஒயரோ பிளேயரோ காரணம், தாவாவிட்டால் ஆம்ப்ளிஃபையர்தான். மாற்றும்போதெல்லாம் செட்டை அணைத்துவிட்டு மாற்றுங்கள்.

ஸ்பீக்கர் என்று தெரிந்தால் ஒயரைக் கழற்றி மீட்டரை ஓமில் வையுங்கள். எட்டு ஓம் ஸ்பீக்கர் ஆறு ஓம் அளவில் காட்டும், நாலு ஓம் மூன்றரை அளவில். அது சரியான ரீடிங்தான், பயப்பட வேண்டாம். எதுவுமே காட்டாவிட்டால் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் (காயில்) அறுந்திருக்கிறது, அல்லது கோனுக்குப் போகும் பின்னல் ஒயர் அறுந்திருக்கிறது. பின்னல் என்றால் சால்டர் வைத்துச் சேர்த்துவிடலாம். கோனின் இரண்டு பக்கமும் விரல்களைச் சமமாக வைத்து மெதுவாக அழுத்துங்கள். உள்ளே சரசரவென உரசினால் காயில் நகர்ந்துவிட்டது, கோன் மாற்றுகிறவரிடம் கொண்டுபோங்கள்.

ஆம்ப்ளிஃபையர் என்று தெரிந்தால் புது ஸ்பீக்கரை அதில் மாட்டிப் பார்க்கவே கூடாது. முதலில் பாட்டு இல்லாமல், ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, ஸ்பீக்கர் முனையில் டி.சி. வோல்ட் பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. பல வோல்ட் காட்டினால் ஐ.சி.யோ அவுட்புட் ட்ரான்சிஸ்டரோ போய்விட்டது. அதில் எந்த ஸ்பீக்கரை மாட்டினாலும் காயில் புகையும். ஒரு நண்பர் இப்படி ஒரே மாலையில் மூன்று ஊஃபரை (பேஸ் ஸ்பீக்கர்) இழந்தார். டி.சி. காப்பு ரிலே போர்டு ஒன்றைச் சேர்ப்பது, 7294 கட்டுகிற யாருக்கும் நான் முதலில் சொல்வது.

சத்தம் கூட்டினால் கிழிகிறது, அல்லது அணைந்து அணைந்து வருகிறது

இங்கேதான் பணம் வீணாகும். கிழிந்தால் “ஸ்பீக்கர் தாங்கல” என்று பெரிய ஸ்பீக்கர் வாங்குவார்கள். பெரும்பாலும் கிழிவது ஆம்ப்ளிஃபையர்.

எந்த நேரத்தில் கிழிகிறது என்று ஒரு வாரம் எழுதி வையுங்கள். எங்கள் வீட்டில் பகலில் கிழிந்தது, ஞாயிற்றுக்கிழமையில் கிழியவில்லை. தறிகள் ஓடும்போது வோல்டேஜ் 190-க்கு இறங்கியதுதான் காரணம். 24-0-24 ட்ரான்ஸ்ஃபார்மர் 230-ல் ஏறத்தாழ பிளஸ் மைனஸ் 34 வோல்ட் டி.சி. தரும். 190-ல் அது 28 ஆகிவிடும். வோல்டேஜ் ஆறில் ஒரு பங்கு குறைந்தால் பவர் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். அலையின் தலை தட்டையாக வெட்டுப்படும், அதைத்தான் காது கிழிசலாகக் கேட்கிறது. வோல்டேஜ் இப்படி இறங்குகிற வீட்டில் ஸ்டெபிலைசர் போடுவது பெரிய ஆம்ப்ளிஃபையர் வாங்குவதைவிட மலிவு. அதன் ரிலே மாறும்போது ஸ்பீக்கரில் “டப்” என்று கேட்டால் அது பிழையில்லை.

வெட்டுப்பட்ட அலையால் முதலில் பலியாவது, மேல்ஸ்தாயி பாடும் சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டர். வெட்டு விழும்போது மேல்ஸ்தாயி அதிர்வுகள் புதிதாக முளைக்கின்றன, அவை கெப்பாசிட்டரைத் தாண்டி நேராக ட்வீட்டருக்குப் போகின்றன. “சின்ன ஆம்ப்ளிஃபையர்தானே, பெரிய ஸ்பீக்கரை என்ன செய்துவிடும்” என்று முழு வால்யூமில் விட்டவர்களுடைய ட்வீட்டர்தான் அதிகம் போகும். ட்வீட்டர் மாற்றும்போது அதோடு வரிசையில் இருக்கும் கெப்பாசிட்டரையும் பாருங்கள். எட்டு ஓம் ட்வீட்டருக்கு 4.7 மைக்ரோஃபாரட் போட்டால் 4,200 ஹெர்ட்ஸ் அளவிலிருந்து பாட ஆரம்பிக்கும், 2.2 போட்டால் 9,000-லிருந்து. விலை மலிந்த, சின்ன ட்வீட்டருக்கு 4.7 போடுவது அதைச் சுமை தூக்க வைப்பது. துருவம் இல்லாத கெப்பாசிட்டராகக் கேட்டு வாங்குங்கள்.

அணைந்து அணைந்து வந்தால் ஹீட் சிங்கைத் தொட்டுப் பாருங்கள். விரல் வைக்க முடியாத சூடு என்றால் ஐ.சி. தன்னைக் காத்துக்கொள்ள நிற்கிறது. ஒரே முனையில் இரண்டு எட்டு ஓம் ஸ்பீக்கரை இணையாகப் போட்டிருக்கிறீர்களா? சேர்ந்து நாலு ஓம் ஆகிவிடும், நாலும் நாலும் சேர்ந்தால் இரண்டு. “இன்னும் ரெண்டு பாக்ஸ் சேர்த்தால் சத்தம் கூடும்” என்று ஹாலுக்கும் மாடிக்கும் இழுத்த வீடுகளில் ஆம்ப்ளிஃபையர் செத்துப்போவது இதனால்தான்.

பெட்டியின் மேல் பி.எம்.பி.ஓ. (கணநேர உச்ச வாட்) என்று ஆயிரக்கணக்கில் அச்சிட்ட வாட்டை நம்பாதீர்கள். ட்ரான்ஸ்ஃபார்மரைப் பாருங்கள். 24-0-24, 3 ஆம்பியர் என்றால் 48-ஐ 3-ஆல் பெருக்கினால் 144. இரண்டு பக்கமும் சேர்த்துத் தொடர்ந்து அதற்கு மேல் ஒரு வாட்கூட வராது, வெப்பத்தில் போனது போக மிச்சம்தான் ஸ்பீக்கருக்கு. 50 வாட்டை 100 ஆக்கினாலும் ஏறுவது 3 டெசிபல்தான். 87 டெசிபல் ஸ்பீக்கருக்குப் பதில் 90 டெசிபல் ஸ்பீக்கர் வாங்கினால் அதே பலன், ஆம்ப்ளிஃபையரைத் தொடவே வேண்டாம்.

ராத்திரியில் ஐ.சி. செத்துப்போகிறது

பகல் முழுக்கப் பாடிய 4440 ராத்திரி பதினொரு மணிக்கு, மெதுவாகப் பாடும்போது போய்விடும். ஐ.சி. போலி என்று கடைக்காரரோடு சண்டை நடக்கும். 4440 ஓடும்போது தாங்குவது 18 வோல்ட் வரைதான். 12 வோல்ட் ட்ரான்ஸ்ஃபார்மரை ரெக்டிஃபை செய்தால் கணக்குப்படி 17. ஆனால் சுமை குறைவாக இருக்கும்போது அந்த 12, பதிமூன்றரை, பதினான்கு என்று ஏறி நிற்கும். தறியெல்லாம் நின்று லைனும் 250-க்கு ஏறினால், ஐ.சி.யின் காலில் 19, 20 வோல்ட் வந்துவிடும். ட்ரான்ஸ்ஃபார்மரை எடுத்துவிட்டு வோல்டேஜை நிலையாகத் தரும் 12 வோல்ட் 5 ஆம்பியர் எஸ்.எம்.பி.எஸ். சப்ளை போடுங்கள். 1999-ல் கட்டிய என் 4440 பெட்டி இன்றும் சமையலறையில் அப்படித்தான் பாடிக்கொண்டிருக்கிறது.

பேஸ் காணோம், பாடகர் எங்கே நிற்கிறார் என்று தெரியவில்லை

இரண்டு ஸ்பீக்கரும் பாடும், ஆனால் குரல் நடுவில் நிற்காது, மிருதங்கத்தின் இடப்பக்கத் தொப்பிச் சத்தம் காணாமல் போகும். ஒரு ஸ்பீக்கரில் பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறது. ஒன்று கோனைத் தள்ளும்போது மற்றது இழுப்பதால் கீழ்ஸ்தாயி ஒன்றையொன்று தின்றுவிடுகிறது. ஒரு ஸ்பீக்கரின் ஒயரை மட்டும் திருப்பி மாட்டுங்கள். பேஸ் திரும்பி வந்தால் முடிந்தது.

முனையில் நிறம் அழிந்துபோன ஸ்பீக்கருக்கு ஒன்றரை வோல்ட் பேட்டரி. ஒரு நொடி தொட்டு எடுங்கள். கோன் வெளியே வந்தால், பேட்டரியின் பிளஸ் தொட்ட முனைதான் பிளஸ். ட்வீட்டரில் இதைச் செய்யாதீர்கள்.

ஒயர் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பத்து மீட்டர் தூரத்துக்கு 23/76 ஒயர் (23 இழை உள்ளது) போட்டால் போக வர அரை ஓம் வரும், 40/76 போட்டால் அதில் ஏறத்தாழ பாதி. எட்டு ஓம் ஸ்பீக்கருக்கு ஐந்து மீட்டருக்குள் எதைப் போட்டாலும் காதுக்குத் தெரியாது. கத்தியால் இழையைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாக இருந்தால் செம்பு பூசிய அலுமினியம். அதை வாங்காதீர்கள்.

“டம் டம்” என்று அறை முழங்குகிறது

புது ஊஃபர் வந்ததும் வரும் புகார். பத்துக்குப் பத்து கான்கிரீட் அறை, கீழே வழுவழு டைல்ஸ், ஒரே ஒரு பீரோ. பத்தடி நீளத்துக்கு 56 ஹெர்ட்ஸ் அளவில் அறையே சேர்ந்து பாடும். நீளமும் அகலமும் ஒன்றாக இருப்பதால் அந்த ஒரு சுரம் இரண்டு மடங்காகும். பேஸ் குமிழைக் குறைத்தால் மற்ற சுரங்களும் சேர்ந்து போய்விடும்.

பாட்டை ஓடவிட்டு அறையில் நடந்து பாருங்கள். மூலையில் அதிகமாக முழங்கும், நடுவில் காணாமல் போகும். ஸ்பீக்கரை மூலையிலிருந்து இரண்டடி வெளியே இழுங்கள். நீங்கள் உட்காரும் இடம் அறையின் சரிபாதியில் இருக்க வேண்டாம். பெட்டியில் காற்று ஓட்டை இருந்தால் பழைய காட்டன் துணியைச் சுருட்டி அதில் தளர்வாக வைத்துப் பாருங்கள். பிறகு கையைத் தட்டுங்கள். சுவருக்குச் சுவர் “டிர்ர்” என்று திரும்பினால் தரையில் பவானி ஜமக்காளம் ஒன்றை விரித்து, எதிர்ச் சுவரில் கனமான திரை தொங்கவிடுங்கள். மேல்ஸ்தாயிக் கூச்சலுக்கு நான் கண்டதில் ஜமக்காளத்தைப் போல் மலிவாகவும் அழகாகவும் வேலை செய்தது வேறில்லை. ஆழமான முழக்கத்தை அது அடக்காது, அதற்கு இடம் மாற்றுவதுதான் வழி.

குமிழைத் திருகினால் கரகர, தொட்டால் நின்று நின்று வருகிறது

சேலத்தில் இது தூசி. ஏற்காட்டில் இது ஈரம். மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவாயில் வளைவைத் தாண்டி இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால், 1,500 மீட்டர் உயரத்தில் வேறு உலகம். ஐப்பசி, கார்த்திகையில் மூடுபனி ஜன்னல் வழியாக வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும். அங்கே காப்பித் தோட்டத்தில் வேலை பார்க்கும் மச்சான் வீட்டு செட்டை வருடத்துக்கு இரண்டு முறை நான்தான் பார்க்கிறேன்.

வால்யூம் குமிழுக்குள் கான்டாக்ட் கிளீனர் கொஞ்சம் அடித்து, செட் அணைந்திருக்கும்போதே முப்பது முறை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருகுங்கள். துருவுக்கு அடிக்கும் எண்ணெயை இதில் அடிக்காதீர்கள், பிறகு தூசி அதில் ஒட்டிப் பசையாகிவிடும். பின்களைக் கழற்றித் திருகி மாட்டினாலே பாதிக் கரகரப்பு போகும், மேலே படிந்த களிம்பு தேய்ந்துவிடும்.

மலையில் ஸ்பீக்கரின் ஓரத்து ஃபோமைக் கட்டாயம் பாருங்கள். விரலால் தொட்டால் பொரிந்து உதிர்ந்தால் அந்த ஊஃபர் கிழிந்த சத்தம்தான் தரும். கோன் நன்றாக இருந்தால் ஓரம் மட்டும் ரப்பரில் மாற்றலாம், ஈரத்தில் ரப்பர் ஃபோமைவிட நீண்ட நாள் இருக்கும். சி.டி. பிளேயர் தட்டைப் படிக்காமல் தேடிக்கொண்டே இருந்தால், லென்ஸை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் மெல்ல ஒற்றுங்கள், தேய்க்காதீர்கள். கேசட்டில் இரண்டு பக்கமும் குரல் மங்கினால் ஹெட்டையும் அதே திரவத்தால் துடையுங்கள். ஒரு கேசட் மட்டும் மங்கினால் அது ஹெட்டின் சாய்வு, பக்கத்து ஸ்க்ரூவைச் சற்றே திருகினால் தெளியும். நாடாவில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் அதைப் போடவே போடாதீர்கள், அடுத்த கேசட்டுக்கும் ஹெட் வழியாகப் பரவும்.

மச்சான் செட்டை வைத்திருக்கும் அலமாரியில் சிலிக்கா ஜெல் பைகளும், கீழ்த்தட்டில் ஒரு 15 வாட் குண்டு பல்பும் இருக்கின்றன. பூஞ்சை நின்றுவிட்டது. மலையிலிருந்து ஜில்லென்ற செட்டைச் சேலத்துக்கு இறக்கினால் மூன்று மணி நேரம் ஸ்விட்ச் போடாமல் விடுங்கள், உள்ளே வியர்த்திருக்கும். இடி ஆரம்பித்தால் பிளக்கோடு சேர்த்து ஆன்டெனா, கேபிள் ஒயர்களையும் பிடுங்க வேண்டும். பிளக்கை மட்டும் பிடுங்கிவிட்டுக் கேபிளை விட்டவர்களின் செட்தான் மலையில் அதிகம் போயிருக்கிறது.

கோடை பண்பலை 100.5 இரைச்சலோடு வந்தால், 75 சென்டிமீட்டர் ஒயரை இரண்டு பக்கமும் டி வடிவில் விரித்துக் கட்டி, ஜன்னல் பக்கம் திருப்பித் திருப்பிப் பாருங்கள். அந்த அலைவரிசையின் கால் அலை நீளம் அதுதான். மலையில் அலை பாறையில் பட்டுத் திரும்பியும் வருவதால், சத்தம் கூடும் இடத்தைவிடச் சத்தம் தெளியும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

ரெக்கார்டு பிளேயர்: மெதுவாக ஓடுகிறது, மெலிந்து ஒலிக்கிறது

சித்தப்பா அமெரிக்காவிலிருந்து ஒரு பழைய பிளேயரை அன்போடு தூக்கி வந்தார். 110 வோல்ட் கன்வெர்ட்டரும் சேர்த்து வாங்கியிருந்தார். போட்டால் எல்லாப் பாடகர்களும் தூக்கக் கலக்கத்தில் பாடினார்கள். கன்வெர்ட்டர் வோல்டேஜைத்தான் மாற்றும், 50 ஹெர்ட்ஸை 60 ஆக்காது. 60-க்குச் செய்த ஏ.சி. மோட்டார் இங்கே ஆறில் ஐந்து பங்கு வேகத்தில் ஓடும். நிமிடத்துக்கு முப்பத்து மூன்றும் மூன்றில் ஒரு பங்கும் சுற்ற வேண்டியது 27.8 சுற்றும், சுருதி மூன்று சுரஸ்தானம் இறங்கிவிடும். 50 ஹெர்ட்ஸுக்கான புல்லி கிடைத்தால் மாற்றலாம். இல்லாவிட்டால் லேத்தில் 1.2 மடங்கு விட்டத்தில் கடைந்து வாங்கலாம், நாங்கள் அப்படித்தான் செய்தோம். டி.சி. மோட்டார் பிளேயருக்கு இந்தத் தொல்லை இல்லை, அடாப்டர் மட்டும் போதும்.

வேகத்தைச் சோதிக்கக் கருவி வேண்டாம். தட்டின் ஓரத்தில் ஒரு காகிதத் துண்டு ஒட்டி எண்ணுங்கள். மூன்று நிமிடத்தில் சரியாக 100 சுற்று வர வேண்டும். ஒரு நாள் சரியாக, ஒரு நாள் தவறாக ஓடினால் பெல்ட் தளர்ந்திருக்கிறது.

பாட்டு மெலிந்து, பேஸே இல்லாமல், ரொம்பச் சன்னமாக வந்தால் ஃபோனோ பிரீ-ஆம்ப் இல்லாமல் நேராக மாட்டியிருக்கிறீர்கள். ரெக்கார்டு வெட்டும்போது கீழ்ஸ்தாயியைக் குறைத்து, மேல்ஸ்தாயியைக் கூட்டி வெட்டுவார்கள். இரண்டு கோடியிலும் ஏறத்தாழ 20 டெசிபல் வித்தியாசம். அதைத் திருப்பிச் சரிசெய்வதும், ஊசி இருக்கும் கார்ட்ரிட்ஜின் சில மில்லிவோல்ட்டைப் பெரிதாக்குவதும் அந்தப் பெட்டியின் வேலை. அது வந்த பிறகு உறுமினால், பிளேயரிலிருந்து வரும் மெல்லிய தனி ஒயரை ஆம்ப்ளிஃபையரின் கிரவுண்டு ஸ்க்ரூவில் கட்டுங்கள். கட்டியும் உறுமினால் பிளேயரை ட்ரான்ஸ்ஃபார்மரிலிருந்து இரண்டடி தள்ளி வையுங்கள்.

ப்ளூடூத் சேர்ந்ததும் “கீய்ய்” என்ற சன்னச் சத்தம்

ப்ளூடூத் போர்டுக்கு அதே சப்ளையிலிருந்து 5 வோல்ட் எடுத்ததால் வருகிறது. பி0505எஸ் என்ற சின்ன ஐசொலேட்டட் மாட்யூலை நடுவில் போட்டால் நின்றுவிடும். அது தருவது 200 மில்லிஆம்பியர் வரைதான், போர்டு அதற்குள் எடுக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஃபோனில் வால்யூமை முக்கால்வாசிக்கு மேல் வைத்து, ஆம்ப்ளிஃபையரில் குறைத்துக்கொள்ளுங்கள்.

எதிலும் பிழையில்லை, இருந்தாலும் மனசு நிறையவில்லை

இதையும் அறிகுறியாகவே எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் கடைக்கு நம்மை அனுப்புவது பெரும்பாலும் இதுதான். மேலே சொன்ன உறுமல், பிளஸ் மைனஸ், அறை மூன்றையும் சரிபார்த்துவிட்டீர்களா? பிறகுதான் பொருள் வாங்க வேண்டும், அதிலும் முதலில் ஸ்பீக்கர். பாட்டின் முகத்தை அதிகம் மாற்றுவது அதுதான். அடுத்து ஆம்ப்ளிஃபையர், கடைசியில்தான் பிளேயரும் டி.ஏ.சி.யும். ஒயருக்கு எடுத்து வைத்த பணத்தை ரப்பர் ஓரம் வைத்த நல்ல ஊஃபருக்குக் கொடுங்கள்.

புதுப் பாகம் வந்தால் பழையதைப் பதினைந்து நாள் விற்காதீர்கள். முதல் வாரம் புதியதைக் கேளுங்கள். எட்டாம் நாள் பழையதைத் திரும்ப மாட்டி, அதே மூன்று பாட்டை அதே வால்யூமில், வீட்டில் இன்னொருவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள். நான் வாங்கிய ஒரு டி.ஏ.சி. பெட்டியை இப்படிக் கேட்டபோது, எனக்கோ என் மகளுக்கோ எது பழையது, எது புதியது என்று சொல்ல முடியவில்லை. அடுத்த நாளே கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, வரும் வழியில் ஜமக்காளம் வாங்கி வந்தோம்.